ஒண்ணும் மூணும்

அந்த டிரம் மேல உக்காராதீங்க மேடம், கிரீஸ் ஒட்டிக்கும். இந்தப் பெட்டி மேல உக்காருங்க, துடைச்சுத்தான் வெச்சிருக்கேன். ஹெல்மெட்டை மட்டும் கழட்டிடாதீங்க. மேல யாரும் இல்லதான். ஆனா போன வாரம் ஏறினவன் ஒரு நட்டை மறந்து விட்டுட்டு வந்திருந்தா, அது விழும்போது நீங்க ஹெட் ஆபீஸா நான் கூலிக்காரனான்னு பாத்து விழாது.

எங்க விட்டேன்? ஆமா, சோடா. அது நாங்க வெச்ச பேரு. கண்ணாடி அவ்வளவு மொத்தம், சோடா பாட்டில் அடி மாதிரி. அதான் அவன் ஏற மாட்டான், கீழ நிப்பான். நான் ஏறுவேன். பதினொரு வருஷமா இப்படித்தான். என் சம்சாரத்துகிட்ட பேசினதை விட வாக்கி டாக்கியில அவன்கிட்ட பேசினதுதான் ஜாஸ்தி. அவளே சொல்லுவா, நீங்க அவரையே கட்டியிருக்கலாம்னு.

தாளைப் படிச்சேன் மேடம். நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. டவர்ல ஒண்ணாம் பக்கத்து கேபிளும் மூணாம் பக்கத்து கேபிளும் மாறிப் போயிருக்கு, அடையாள டேப் சுத்த வேண்டிய பொறுப்பு தரையில நின்ன ஆளோடது, ஆகவே தப்பு அவரோடது. கீழ நான் கையெழுத்துப் போடணும். போட்டா சோடாவோட வேலை கார்டைப் புடுங்கிடுவாங்க. அப்புறம் எந்தக் கம்பெனிக் காம்பவுண்டுக்குள்ளயும் அவன் கால் வெக்க முடியாது. அவ்வளவுதானே?

வசதியாத்தான் இருக்கு உங்களுக்கு. வேலை பாத்தவனும் நான், செத்தவரோட தம்பியும் நான். ஒரே பேனாவுல ரெண்டு கையெழுத்து. ஐயோ, கோச்சுக்காதீங்க, உங்களைக் குத்திப் பேசல. எனக்குப் பேச்சு எப்பவுமே அப்படித்தான். அண்ணன் சொல்லுவாரு, உன் வாயில சக்கரையைக் கொட்டினாலும் கசப்பாத்தான்டா வெளிய வரும்னு.

வருத்தமான்னா... தெரியல மேடம். பல்லுப் புடுங்க ஊசி போட்டா கன்னம் ஒரு மாதிரி இருக்கும் பாருங்க. தொட்டா தொடறது தெரியும், வலி தெரியாது. மூணு வாரமா அப்படி இருக்கு. சாப்பிடறேன், தூங்கறேன். அண்ணி அழுதா பக்கத்துல உக்காந்திருக்கேன். எனக்கு மட்டும் ஒரு சொட்டு வரல. வந்தவங்கள்ல ஒரு அம்மா என்னைப் பாத்துட்டு, கல்லு மாதிரி உக்காந்திருக்கானே, அழுதா சரியாயிடும், யாராவது அழ வைங்கன்னாங்க. அழ வெக்கறதுக்கு நான் என்ன கைக்கொழந்தையா?

சரி, வேலையைச் சொல்றேன். உங்களுக்குப் படிப்புல தெரிஞ்சிருக்கும், இருந்தாலும் கையால செய்யறது வேற. டவர் அறுவது மீட்டர். உச்சியில மூணு பக்கம் பாத்து மூணு ரேடியோ பெட்டி. ஒண்ணாம் பக்கம் கல்குவாரி, அந்தா, வெள்ளையாத் தெரியுதே, அது. மூடி ரொம்ப வருஷமாச்சு. ரெண்டாம் பக்கம் வீடுங்க, பள்ளிக்கூடம், கடைத்தெரு. மூணாம் பக்கம் காடு, அதுக்குப் பின்னாடி ஏரி. ஒவ்வொரு பெட்டிக்கும் கீழேருந்து ஒரு ஃபைபர், ஒரு பவர் வயர் போகணும். பவர்தான் சோறு, ஃபைபர்தான் பேச்சுன்னு சோடா சொல்லுவான். சோறும் பேச்சும் ஜோடியாத்தான் ஏறும். அப்படி மூணு ஜோடி.

ஃபைபர்னா உள்ள தலைமுடி மொத்தத்துக்குக் கண்ணாடி. பச்சக் கொழந்தையைத் தூக்கற மாதிரிதான் தூக்கணும், தலையைப் புடிச்சு இழுத்தா போச்சு. அதனால கேபிள் தலையிலேருந்து கீழ ஒரு முழத்துக்குக் கம்பி வலை மாட்டுவோம். சாக்ஸ்னு சொல்லுவோம் நாங்க. அந்த சாக்ஸ்ல கயித்தைக் கட்டி, மேல நான் ஒரு கப்பியைத் தொங்க விட்டுடுவேன், கீழேருந்து சோடா இழுப்பான். இழுக்க இழுக்க சாக்ஸ் இறுகிக்கும். கண்ணாடிக்கு ஒண்ணும் ஆகாது. ஒரு மீட்டருக்கு ஒரு கிளாம்ப் போட்டுக்கிட்டே வரணும். அறுவது மீட்டர், மூணு ஜோடி, நீங்களே பெருக்கிப் பாத்துக்கோங்க என் முதுகு என்ன ஆகும்னு.

டேப்புக்கு வரேன், வரேன். அதுதானே உங்களுக்கு வேணும். மூணு ஜோடியும் ஒரே கருப்பு, ஒரே மொத்தம், பெத்தவளுக்கே அடையாளம் தெரியாது. அதனால தரையில இருக்கும்போதே ரெண்டு நுனியிலயும் சிவப்பு டேப் சுத்திடணும். ஒண்ணாம் பக்கத்துக்கு ஒரு வளையம், ரெண்டுக்கு ரெண்டு, மூணுக்கு மூணு. எங்க தொழில்ல ஒரு கட்டுப்பாடு இருக்கு மேடம், உங்க புத்தகத்துல இருக்கோ இல்லையோ. தரையில நிக்கறவன்தான் டேப் சுத்தணும். மேல ஏறுறவன் டேப்பைத் தொடவே கூடாது, அவன் பையில டேப்பே இருக்கக் கூடாது. ஏன்னா மேல இருக்கறவனுக்கு காத்து, கால் மரத்துப் போயிருக்கும், எப்படா எறங்குவோம்னு இருக்கும். கண்ணுக்கு எது தோணுதோ அதைச் சுத்திடுவான். கீழ நிக்கறவனுக்குத்தான் ரெண்டு நுனியும் கண்ணு முன்னாடி கெடக்கும்.

டேப் வழியில உரிஞ்சு போச்சுன்னா? நல்ல கேள்வி. அதுக்கும் வழி இருக்கு. பேனா மாதிரி ஒரு சிவப்பு லைட்டு உண்டு. கீழ் நுனியில அதை வெச்சு அடிச்சா அறுவது மீட்டர் தாண்டி மேல் நுனியில சிவப்பா ஒரு புள்ளி தெரியும். கீழேருந்து அவன் ஒண்ணுன்னு சொல்லி அடிப்பான், எது மினுக்குதோ அதுதான் ஒண்ணு. பத்து நிமிஷ வேலை. மாத்திப் போடவே முடியாது.

அன்னைக்கு உரிஞ்சுதான் போச்சு.

இருங்க, தண்ணி குடிச்சுக்கறேன். உங்களுக்கு? பாட்டில் புதுசுதான், மூடியைப் பாருங்க.

பத்து வாரம் முன்னாடி மேடம். மத்தியானம் ஒரு தூறல் போட்டு விட்டுச்சு, கம்பியெல்லாம் வழவழன்னு இருந்துச்சு. நாப்பதாவது மீட்டர்ல ஒரு பழைய தாங்கி துருத்திக்கிட்டு இருக்கு, அந்தா அந்த வளைவுக்குக் கீழ. ஒண்ணாவது ஜோடி அதுல உரசிக்கிட்டே ஏறுச்சு. மூணாவதும் அப்படித்தான். ரெண்டாவது ஜோடி மட்டும் அந்தாண்ட ஒதுங்கி வந்துடுச்சு. மேல வந்து பாத்தா ரெண்டாவதுல ரெண்டு வளையம் சமத்தா இருக்கு, மத்த ரெண்டு ஜோடியிலயும் டேப்பும் இல்ல, ஒண்ணும் இல்ல. மொட்டை.

வாக்கியில சொன்னேன். சோடா உடனே கேட்டான், லைட்டு அடிக்கட்டுமான்னு. வேணாண்டான்னேன். இடது பக்கம் வந்தது ஒண்ணு, வலது பக்கம் வந்தது மூணு, நான்தானே புடிச்சு ஏத்தினேன், எனக்குத் தெரியாதான்னேன். பத்து நிமிஷம்தான், அடிச்சிடறேனேன்னான். நீ கெழவியாட்டம் நச்சரிக்காதேன்னேன். அந்த வாரத்துல அது எனக்கு மூணாவது டவர் மேடம். மணி அஞ்சு. மேகம் திரும்பவும் கூடுது. தொடைக்குக் கீழ கால் இருக்கா இல்லையான்னே தெரியல. பையில டேப் இருந்துச்சு.

ஆமா மேடம். நான் வெச்சிருந்தேன். எப்பவும் வெச்சிருப்பேன், பெல்ட் பக்கிளுக்குச் சுத்தறேன்னு சொல்லிக்கிட்டு. நான்தான் சுத்தினேன். இடதுக்கு ஒண்ணு, வலதுக்கு மூணு. ஆனா இழுக்கும்போது கயிறு முறுக்கி, ரெண்டு ஜோடியும் ஒண்ணை ஒண்ணு சுத்திக்கிட்டு எடம் மாறியிருக்கு. இடது வலதாயிடுச்சு. கயிறு முறுக்கும்னு எனக்குத் தெரியாதா? பதினெட்டு வருஷமா கயிறு முறுக்கறதைப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்.

எழுதிக்கோங்க. நல்லா அழுத்தியே எழுதுங்க. சோடா கீழ சுத்தினது சரி. மேல சுத்தினது நான். சுத்தக் கூடாதவன் சுத்தினேன். அதனால இந்தத் தாள்ல என் கையெழுத்து வேணும்னா, அவன் பேரை அடிச்சுட்டு என் பேரைப் போட்டுக் கொண்டாங்க.

அவன் ஏன் உங்ககிட்ட சொல்லலைன்னா... எப்படிச் சொல்லுவான்? ஒயர் மாறியிருக்குன்னு வெளிய தெரிஞ்சப்ப என் வீட்டுல பொணம் எடுத்து மூணு நாள் ஆயிருந்துச்சு. சாவு வீட்டுக்கு வந்து, டேய் நீ சுத்தின டேப்தான்டான்னு சொல்ல வாய் வருமா? அவன்தான் நாற்காலி கொண்டாந்து போட்டான், வந்தவங்களுக்குத் தண்ணி குடுத்தான். அண்ணியோட மாத்திரையை நேரம் பாத்துக் குடுத்ததும் அவன்தான். உங்க லெட்டர் அவன் கைக்குப் போன அன்னைக்குக் கூட வந்தான். என்னடா பண்ணப் போறேன்னு கேட்டேன். விடு, நாலு எடத்துல வேலை இருக்கும்னான். அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு அவனுக்கு எந்த எடத்துல வேலை இருக்கும்? மூணு பொண்ணுங்க மேடம் அவனுக்கு.

இல்ல, மாறிப் போட்டா கீழ தெரியாது. அதுதான் இதுல கேடு. பெட்டிக்கு சோறும் வருது, பேச்சும் வருது, மூணு பச்சை லைட்டும் எரியுது. ஆபீஸ்லேருந்து வேலை பிரமாதம்னாங்க. போன் பேசறவனுக்கும் ஒரு வித்தியாசமும் தெரியாது. குவாரிப் பக்கம் நின்னு பேசறவனை, காட்டுப் பக்கம் நிக்கறான்னு கம்ப்யூட்டர் நெனச்சுக்கும். அவ்வளவுதான். அதனால யாருக்கு என்ன நஷ்டம்?

அண்ணன் லாரி ஓட்டினவரு. முதுகு போனதும் வண்டியை வித்துட்டு வீட்டுல இருந்தாரு. நாங்க மாடி, அவங்க கீழ. சக்கரை ஏறிப் போச்சு, டாக்டர் நடங்கன்னாரு. தெனம் காலையில காட்டுப் பக்கமா ஏரி வரைக்கும் போயிட்டு வருவாரு. அன்னைக்கு முந்தின நாள் மழை. காட்டுப் பாதை சேறா இருக்கும்னு குவாரிப் பக்கம் போயிருக்காரு. யாருகிட்டயும் சொல்லல. நடக்கப் போறதுக்கு யாரு மனு எழுதிக் குடுத்துட்டுப் போவாங்க? பள்ளத்து ஓரத்துல மண்ணு சரிஞ்சு உள்ள விழுந்துட்டாரு. இடுப்பு எலும்பு. ஆறே காலுக்கு அவசர நம்பருக்குப் போன் போட்டிருக்காரு. விழுந்துட்டேன், எந்திரிக்க முடியலன்னு மட்டும் சொல்லியிருக்காரு. எங்கன்னு அங்க போனை எடுத்த பொண்ணு கேக்கறதுக்குள்ள போன் கைய விட்டு நழுவிப் போச்சு. அவங்க திருப்பிப் போட்டா ரிங் போகுது, எடுக்கல.

பட்டன் போன். புதுப் போன் ஒண்ணு நான்தான் வாங்கிக் குடுத்தேன். எனக்கு எதுக்குடா தடவற போனுன்னு அப்படியே டப்பாவோட வெச்சுட்டாரு. தடவற போன்னா எடத்தை அதுவே சொல்லியிருக்கும். பட்டன் போன்னா டவரைத்தான் கேக்கணும். டவரைக் கேட்டாங்க. டவர் மூணாம் பக்கம்னு சொல்லுச்சு.

போலீஸ், தீயணைப்புக்காரங்க, ரெண்டு நாய், எங்க தெரு ஆளுங்க, கடைக்காரங்க. எண்பது பேர் இருப்பாங்க மேடம். எல்லாரும் காட்டுக்குள்ள. புதர் புதரா குச்சியால விலக்கிப் பாக்கறாங்க. ஏரியில படகு விட்டாங்க. தெனம் போற பாதையும் அதுதான், டவரும் அதையேதான் சொல்லுது, அப்புறம் யாருக்கு சந்தேகம் வரும்? ஒவ்வொரு மணி நேரமும் திருப்பித் திருப்பி டவரைக் கேட்டாங்க. அது திருப்பித் திருப்பி மூணுன்னே சொல்லுச்சு. சாயந்திரத்தோட பேட்டரி போச்சு.

ஆமா, கண்டுபிடிச்சது நான்தான். உங்களுக்கு யாரு சொன்னா, அண்ணியா? உங்களையும் உக்கார வெச்சு சொல்லியிருப்பாங்களே. எண்பது பேரும் ஒரு பக்கம் போனாங்க, என் கொழுந்தன் மட்டும்தான் தன்னந்தனியா சரியான பக்கம் போனாருன்னு. வர்றவங்க போறவங்க எல்லார்கிட்டயும் அதைத்தான் சொல்றாங்க. சொல்லிட்டு என் கையைப் புடிச்சுக்கறாங்க. கூடப் பொறந்த ரத்தம் இழுத்துக்கிட்டுப் போச்சுன்னு.

முதல் நாள் காலையில பத்தரைக்குப் போனேன். அங்க பள்ளம் ஒண்ணு ரெண்டா? ஒண்ணொண்ணையும் சுத்தி முள்ளு, கல்லு மேடு. ஒரு பள்ளத்துல எறங்கி ஏறவே ஒரு மணி நேரத்துக்கு மேல ஆவுது. கத்தறேன், கல்லுல பட்டு என் குரலே எனக்குத் திரும்பி வருது, அவரு குரல்னு நெனச்சு ஓடறேன். போன் போட்டுக்கிட்டே போனேன், எங்கயாவது சத்தம் கேக்காதான்னு. இருட்டற வரைக்கும் தேடினேன். மறுநாள் விடிஞ்சதும் போனேன். மத்தியானம் மூணு மணிக்குப் பாத்தேன். உக்காந்த வாக்குல சாஞ்சிருந்தாரு. சட்டையைக் கழட்டித் தலைக்கு மேல போட்டிருந்தாரு, வெயிலுக்கு. டாக்டர் பாத்துட்டு, உயிர் போயி நாலு மணி நேரம்தான் ஆவுதுன்னாரு.

நீங்களும் அதையே சொல்றீங்களா மேடம். கடைசியில தம்பி முகத்துல முழிக்கலைன்னாலும் தம்பி கையிலதான் கெடைச்சாருன்னு. உங்க நல்ல மனசு. எந்திரிச்சுட்டீங்க, பரவால்ல, வண்டியும் வந்துடுச்சு. அந்தப் பேனாவை மட்டும் மூடாதீங்க. இன்னும் ரெண்டு வரி இருக்கு.

ரத்தமெல்லாம் ஒண்ணும் இழுக்கல. டேப் சுத்தினேன் பாருங்க, அன்னைக்கே எனக்குத் தெரிஞ்சு போச்சு. வேலை முடிச்சு குவாரி ரோட்டு வழியா வீட்டுக்குப் போறேன், வண்டியில டெஸ்ட் போன் கெடக்குது, டவர்ல எந்தப் பக்கத்துலேருந்து சிக்னல் வருதுன்னு நம்பர் காட்டும். ஒண்ணு காட்ட வேண்டிய எடத்துல மூணு காட்டுது. வண்டியை ஓரம் கட்டி அஞ்சு நிமிஷம் பாத்துக்கிட்டே இருந்தேன். திரும்ப ஏறணும்னா ஆபீஸுக்கு எழுதிக் குடுத்து, லைனை நிறுத்தி, ஏன் மாறுச்சுன்னு கேட்டா டேப் கதையைச் சொல்லணும். மூணு மாசத்துல சர்வீஸுக்கு ஏறுவோம், அப்போ சத்தம் இல்லாம மாத்திடலாம், அதுக்குள்ள இதனால யாரு செத்துடப் போறாங்கன்னு வண்டியை எடுத்துட்டேன்.

அண்ணனைத் தேடின அன்னைக்குக் காலையில, அந்த இன்ஸ்பெக்டரு ஜீப் மேல மேப்பை விரிச்சு காட்டுப் பக்கமா விசிறி மாதிரி கோடு போட்டாரு. நான் பக்கத்துல நிக்கறேன். என் சட்டையில கம்பெனி பேரு இருக்கு. இது நீங்க வேலை பாத்த டவர்தானே, தப்பாக் காட்ட வாய்ப்பு இருக்கான்னு என்னைப் பாத்துத்தான் கேட்டாரு. காட்டாது சார்னேன். அப்புறம், எனக்கு என்னமோ மனசு கேக்கல, குவாரிப் பக்கமும் ஒரு நடை பாத்துட்டு வரேன்னு சொல்லிட்டுத் தனியாக் கெளம்பிட்டேன்.

எண்பது பேரையும் அந்தப் பக்கம் திருப்பியிருந்தா மத்தியானத்துக்குள்ள தூக்கியிருப்பாங்க. அப்போ நான் என்ன நெனச்சேன்னா, வேகமா நடந்தா நானே கண்டுபிடிச்சுடலாம், யாருக்கும் எதுவும் தெரிய வேணாம்னுதான். வேலையும் போவாது, அண்ணனும் கெடைச்சுடுவாரு. ரெண்டையும் காப்பாத்திக்கலாம்னு நெனச்சேன் மேடம்.